எண்ணூருக்கு வந்த ஆந்தைப்பூச்சி

சென்னை விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, "எதுக்காக வந்திருக்கீங்க?" என்று கேட்டார். கல்யாணம், காதுகுத்து என்று எதையாவது சொல்லியிருந்தால் உடனே முத்திரை விழுந்திருக்கும். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. "ஒரு பூச்சியைப் பார்க்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உயிரோட இருக்கா?"

"இல்லை சார், செத்துப்போச்சு."

"அடடா" என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டவர்போல. பிறகு முத்திரையைக் குத்தி என்னை அனுப்பிவைத்தார்.

நான் மதுரைக்காரி. முப்பது வருஷமாகக் கனடாவில் சஸ்காட்செவன் என்ற புல்வெளி மாநிலத்தில் இருக்கிறேன். அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் பூச்சிகள் வைத்திருக்கும் இழுப்பறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விஞ்ஞானி என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். படித்தவர்கள் பூச்சிக்குப் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்த பூச்சியை இன்னொரு பூச்சி தின்றுவிடாமல் காப்பது என் பிழைப்பு.

அந்துப்பூச்சிகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ஆந்தைக்குஞ்சு என்று பொருள்படும் பெயர் உண்டு. தடித்த கழுத்து, இருட்டில் மின்னுகிற கண், திருதிருவென்று ஒரு முழி. ஆயிரக்கணக்கில் இனங்கள், பெரும்பாலானவை மண் நிறம். அதில் ஒன்று எனக்குச் சொந்தம் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்டுக்குப் போன முதல் கோடையில், ஊருக்கு வெளியே மணல்மேட்டில் விளக்கு வைத்து நான் பிடித்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தேடி இன்னும் ஆறு கிடைத்தன. ஏழும் ஆண். பெண் பூச்சியை உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. கடைசி ஆண் கிடைத்தே பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், இதே சாயலில் இன்னொரு பூச்சி அங்கே கொட்டிக்கிடக்கிறது. அதை நான் 'சாதாரணம்' என்று கூப்பிடுவேன். சாதாரணத்தின் பின்சிறகு அழுக்கு வெள்ளை, நம்முடையது வைக்கோல் மஞ்சள். எங்களிடம் புதிதாக வந்திருக்கும் இளம் விஞ்ஞானி இரண்டும் ஒன்றுதான், மஞ்சள் வெறும் நிறமாற்றம் என்கிறான். கெட்ட பையன் இல்லை, என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவான். ஆனால் இந்த மாதக் கடைசியில் என் பூச்சியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுச் சாதாரணத்தோடு சேர்த்து எழுதப்போகிறான். "ஒரு பெண் பூச்சியைக் காட்டுங்கள், அது வேறாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்" என்றான். ஓய்வு பெற எனக்கு இன்னும் நாலு மாதம்தான். முப்பது வருஷம் நான் காவல் காத்த பூச்சி, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஒரு படம் கண்ணில் பட்டது. பூச்சிப் படம் போட்டுப் பெயர் கேட்கும் செயலி ஒன்று உண்டு, மாலையில் அதை மேய்வது என் வழக்கம். கொழுத்த வயிற்றோடு ஒரு பூச்சி, பின்சிறகு பளிச்சென்று மஞ்சள். கீழே தமிழில் ஒரு வரி: 'கனடா பருப்பு கண்டெய்னர்ல இருந்துச்சு. இன்னா பூச்சி இது?' இடம் எண்ணூர். வயிற்றைப் பார்த்ததுமே பெண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் மசூர் பருப்பு இந்தியாவுக்குத்தான் வருகிறது, பருப்பு ஏற்றும் முற்றத்தில் விளக்கு எரியும், விளக்குக்கு வந்த பூச்சி கண்டெய்னருக்குள் புகுந்திருக்கும். உடனே, பத்திரமாக வையுங்கள், நான் வருகிறேன் என்று எழுதினேன். 'வா அக்கா' என்று பதில் வந்தது.

ராயபுரத்தில் அறை எடுத்தேன். மதுரையில் பிறந்தவளுக்கு வடசென்னை வெளிநாடு மாதிரிதான். விடுதி மேனேஜர் பெரிய பதிவேட்டைப் பிரித்து, "இன்னா விஷயமா வந்துகீறீங்கம்மா?" என்றார். பூச்சி விஷயமாக என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தது? எங்க லாட்ஜ்ல மூட்டப்பூச்சியே கெடியாதும்மா. மெத்தைய வேணா தூக்கிப் பாரு."

இல்லை, இது வேறு பூச்சி, எண்ணூரில் இருக்கிறது என்று சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. "எண்ணூரா? அங்க இருக்கும், அங்க எல்லாம் இருக்கும்" என்று பெருந்தன்மையோடு சாவியைக் கொடுத்தார்.

மாலையில் தெருமுனை வண்டிக்கடையில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த தின்பண்டம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். சஸ்காட்செவனில் கையுறை போடாமல் ரொட்டியைத் தொட்டால் கடையை மூடிவிடுவார்கள். அங்கே ரொட்டிக்கு ருசியும் கிடையாது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ரயிலேறினேன். பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மா, எதிரே வேலைக்குப் போகும் இரண்டு பேர். எண்ணூர் வந்தால் சொல்லுங்கள் என்றேன். எண்ணூரில் யாரைப் பார்க்க என்றார்கள். சொன்னேன். அவ்வளவுதான், பெட்டியே என் பக்கம் திரும்பிவிட்டது. கனடாவில் பூச்சி உண்டா, குளிரில் சாகாதா, இதற்குச் சம்பளம் தருவார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நானும் இழுப்பறை இழுப்பறையாகத் திறப்பதுபோல விளக்கிக்கொண்டிருந்தேன். ரயில் நின்ற நிலையத்தில் பலகையைப் பார்த்தால் மீஞ்சூர்.

"அய்ய, எண்ணூர் எப்பவோ பூட்ச்சே!" என்றார் முருங்கைக்காய் அம்மா. "ஏன்யா, அந்தம்மா எறங்கணும்னு சொல்லிச்சில்ல? நீ வாயப் பொளந்துகினு கத கேட்டுகினு இருந்தியே."

"நீ மட்டும் இன்னா பண்ண?" என்றார் கடலைக்காரர்.

அவர்கள் சண்டை நான் இறங்கிய பிறகும் கேட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் எட்டுப் பேர் இருந்தால் கூட்டம் என்பார்கள், எட்டுப் பேரும் எட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இறங்கும் இடம் அங்கே தப்புவதே இல்லை.

எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து எண்ணூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில், படம் போட்டவர் வரச்சொல்லியிருந்த கண்டெய்னர் முற்றத்துக்குப் போய்ச் சேர மணி பன்னிரண்டு. வாசலில் பச்சைச் சட்டை மாட்டிய ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும்.

"நீதான் கனடாக்காவா? இன்னாக்கா, ஜீன்ஸ் போட்டுகினு வருவேன்னு பாத்தா பொடவை கட்டிகினு வந்து நிக்கற?"

அவள்தான் தேவகி. எண்ணூர்க் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர், வீட்டில் கருவாட்டு வியாபாரமும் உண்டு. ஒன்பது வருஷமாக இந்த முற்றத்தில் சரக்கு இறக்கிய காலிக் கண்டெய்னர்களைப் பெருக்குகிறாள். மூலைகளில் செத்த பூச்சி கிடக்கும். மற்றவர்கள் வாரிக் கொட்டிவிடுவார்கள். இவள் எடுத்து வைத்துக்கொள்வாள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அது எங்கியோ பொறந்து கப்பலேறி எத்தினி கடலத் தாண்டி வந்துகீது. எங்க வூட்டுக்காரு தெனமும் கடலுக்குப் போறாரு, சாயங்காலமானா திரும்பி வந்துடறாரு. இது அவ்ளோ தூரம் வந்துகீது, எப்டிக்கா குப்பைல போட மனசு வரும்?"

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. மத்தியானத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு அறை வீடு. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் கடல், வாசலில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. முதலில் சோறு என்றாள். சுறாப்புட்டும் மீன் குழம்பும். நான் பூச்சி பூச்சி என்று பறக்க, "செத்தது எங்கியும் ஓடாது, துன்னு" என்று இன்னொரு கரண்டி வைத்தாள். சுறாவை இப்படிப் பூண்டு வாசனையோடு உதிர்த்துத் தின்னத் தெரியாமல் மதுரைக்காரர்கள் என்ன பெருமையடித்துக்கொள்கிறோமோ தெரியவில்லை.

பிறகு பரணிலிருந்து நாலு ஸ்வீட் டப்பாக்களை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்த்தேன். பஞ்சு மேல் வரிசை வரிசையாகப் பூச்சிகள். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரியோடு வந்தது, பர்மாவிலிருந்து மரத்தோடு வந்தது, ஆஸ்திரேலியப் பட்டாணியோடு வந்தது. ஒன்றில்கூட அரிப்பு இல்லை, ஒரு கால் உதிரவில்லை. எங்கள் அருங்காட்சியகத்தில் உறைபெட்டி வைத்து, மருந்து வைத்து, மாதம் ஒருமுறை நான் பூதக்கண்ணாடியோடு ரோந்து போயும், காய்ந்ததையெல்லாம் தின்னும் கருப்பு வண்டு உள்ளே புகுந்துவிடுகிறது. இங்கே கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், அதே வண்டு குடியிருக்கிற வீட்டில், இவை முழுசாக இருந்தன.

நாலாவது டப்பாவில் என் பூச்சி. முன்சிறகில் நான் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய அந்தச் சிறுநீரக வடிவப் புள்ளி. பின்சிறகு மஞ்சள். வாய்விட்டுச் சிரித்தேன். இடுக்கியால் மெதுவாகத் தூக்கி இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், திருப்பி வைத்தேன். உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

முகர்ந்து பார்த்தேன். சமையலறை மஞ்சள்.

"தேவகி, இதுமேல என்ன போட்ட?"

"மஞ்சத்தூளு. எல்லாத்துக்கும் போடுவேன்க்கா, படம் புடிக்கறதுக்கு முன்னாடியே. கருவாட்டுக்குப் போடறாப்புலதான். இல்லாங்காட்டி வண்டு வுடுமா? மொதல்ல சேத்து வெச்சதுல்லாம் துன்னுட்ச்சு. அப்பாலதான் யோசன பண்ணேன்."

பின்சிறகு மஞ்சளாக இருப்பதுதான் நான் நம்பி வந்த சாட்சி. அதன் சொந்த மஞ்சள் எது, மளிகைக்கடை மஞ்சள் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சரி, இன்னொரு சாட்சி இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நிறத்தை நம்பாதவர்கள் வயிற்றின் நுனிக்குள் இருக்கும் உறுப்பைப் பார்ப்பார்கள். அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. பூச்சியை மல்லாத்தினேன்.

வயிறு மேலிருந்து நுனிவரை நேராகக் கீறப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பொடி உப்பு அடைத்திருந்தது.

"இத நீயா கீறின?"

"பின்ன? இது நல்லா கொழுத்ததாச்சே. அப்டியே வெச்சா நாறிப்பூடும். பிளேடால வவுத்தக் கீறி, கொடல எடுத்துட்டு, உப்பு வெச்சி, ரெண்டு நாளு வெயில்ல..."

நான் கத்திவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. உனக்கு என்ன தெரியும், யாரைக் கேட்டுக் கீறினாய், இது என்ன நெத்திலியா, உலகத்தில் ஒன்றே ஒன்று, அதையும் கருவாடு போட்டுவிட்டாயே என்று அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவளையே கத்தினேன்.

தேவகி நாலு டப்பாவையும் ஒவ்வொன்றாக மூடினாள். பிறகுதான் சொன்னாள்: "நான் எடுத்து வெக்கலன்னா அது இந்நேரம் குப்பைமேட்ல கீது. கெளம்புக்கா. ரயிலு பூடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் முதலில் கோபம், பிறகு அழுகை, தண்டையார்பேட்டை தாண்டிய பிறகு அவமானம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் காசிமேட்டுக்கு நடந்தேன். வேறெங்கே போவது என்று தெரியவில்லை. படகுகள் வந்துகொண்டிருந்தன. ஐஸ் நொறுக்கும் சத்தம், டீசல் வாடை, கூடைகளை இடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள், ஏலம். எங்கள் ஊரில் மீன் என்பது பிளாஸ்டிக் உறைக்குள் தலையும் வாலும் இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும் சதுரம். இங்கே கண்ணை உருட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கிறது.

ஓரமாக மீன் வெட்டித்தரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முன்னால் நின்றேன். வாங்கியவர் கொடுத்த மீனை அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறினாள். குடலை வாளியில் எறிந்தாள். உள்ளேயிருந்து செம்மஞ்சளாக இரண்டு நீளத் துண்டுகளை எடுத்து, எறியாமல், பக்கத்துக் கிண்ணத்தில் மெதுவாக வைத்தாள். அடுத்த மீனிலும் அப்படியே.

"அது என்னம்மா தனியா?"

"சினைம்மா. மீனோட முட்ட. தெர்யாது?"

"அதைத் தூக்கிப் போட மாட்டீங்களா?"

அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சினைய யாருனா தூக்கிப் போடுவாங்களா? நீ எந்த ஊரு?"

பதில் சொல்ல நான் அங்கே இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிர்த்திசையில் வந்துவிட்டதால், கையைக் காட்டி, எண்ணூர்ப் பக்கம் போகும் முதல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். திருவொற்றியூர் தாண்டியதும் ஆட்டோ நின்றது. முன்னால் கண்டெய்னர் லாரிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒன்றன் பின் ஒன்றாக. ஓட்டுநர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இறங்கி டீ குடிக்கப் போனார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆவும்மா. துறைமுகத்துல கேட்டு தொறந்தாதான். அர்ஜென்டா போவணும்னா நடந்து பூடு."

கிண்டலாகத்தான் சொன்னார். நான் நடந்தேன். ஐம்பத்தொன்பது வயது முழங்காலோடு, லாரிகளின் நிழலிலேயே, ஒரு பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு. லாரி டிரைவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து, "எங்கம்மா போற? குந்து, தண்ணி குடி" என்றார்கள். ஒருவர் நிஜமாகவே தண்ணீர் கொடுத்தார். பாதி வழியில் ஜாம் விலகி, நான் விட்டுவந்த அதே ஆட்டோ பின்னால் வந்து ஹாரன் அடித்தது. "இன்னாம்மா, மெய்யாலுமே நடந்துட்டியா!" என்று ஓட்டுநர் பதறிப்போய் ஏற்றிக்கொண்டார்.

முற்ற வாசலில் தேவகிக்குச் சொல்லியனுப்பிவிட்டு நின்றேன். துடைப்பத்தோடு வந்தாள். சிரிக்கவில்லை.

"நேத்து நான் பேசினது தப்பு தேவகி. உன் வீட்டுல உட்கார்ந்து பேசவே கூடாததைப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோ."

"அத்த சொல்லவா வந்த?"

"அதையும் சொல்ல வந்தேன். இன்னொண்ணு கேக்கணும். அந்தப் பூச்சியோட வயித்துக்குள்ள சினை இருந்துதா?"

அவள் முகம் மெல்ல இளகியது. "இருந்துச்சே. அதனாலதான அது அவ்ளோ குண்டு. கசகசா மாரி இத்தினி."

"அதை என்ன பண்ணின?"

"இன்னாக்கா கேள்வி இது? சினையத் தூக்கிப் போடுவாங்களா? தனியா உப்பு போட்டு வெச்சிக்கறேன். நேத்தே கேட்டிருந்தா நேத்தே குடுத்திருப்பேன். நீதான் கேக்கறதுக்கு முன்னாடியே கத்துனியே."

அந்த இடத்திலேயே, லாரிகளுக்கு நடுவில் அவளைக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற காவலாளி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

என் சந்தோஷத்துக்குக் காரணம் எளிமையானது. சாதாரணத்தின் முட்டை எனக்கு மனப்பாடம், குப்பி குப்பியாக வைத்திருக்கிறேன். பூசணிக்காய் மாதிரி மேலிருந்து கீழே கோடு கோடாக இருக்கும். அப்படியே இதுவும் இருந்தால் அந்தப் பையன் சொன்னதுதான் சரி. வேறாக இருந்தால் என் பூச்சி தனி இனம். ஒரு நல்ல நுண்ணோக்கி போதும். ஆனால் பூச்சியையோ முட்டையையோ நாட்டை விட்டு எடுத்துப்போக அனுமதிக் காகிதங்கள் வேண்டும், அது வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். இங்கேயே பார்த்தாக வேண்டும்.

"நுண்ணோக்கின்னா, கண்ண வெச்சி பாப்பாங்களே அதா? நம்ம ரத்த டெஸ்டு பாயாண்ட கீது" என்றாள் தேவகி.

நாலாம் நாள் காலை தண்டையார்பேட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் முன்னால் காத்திருந்தோம். அவள் குடும்பத்துக்கே அங்கேதான் சர்க்கரை பார்ப்பது. ரஃபீக் பாய் ஐம்பதை நெருங்கியவர், வெள்ளைக் கோட்டுக்குள் கட்டம்போட்ட சட்டை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பூச்சியோட முட்டை. அதுவும் உப்புக்கண்டம்" என்றார். "இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் மேடம். இப்படி ஒரு சாம்பிள் வந்ததில்ல. பேஷன்ட் பேரு என்னன்னு எழுதறது?"

"தேவகின்னு எழுது பாய்" என்றாள் அவள்.

வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் விஷயம் பரவிவிட்டது. ஒரு பெரியவர், எங்கள் வேலை முதலில் முடியட்டும், தன் சர்க்கரை எங்கும் போகாது என்றார்.

தேவகி இடுப்பிலிருந்து மடித்த பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். உப்புக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாக, வற்றிச் சுருங்கிய மணிகள். பாய் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு, பத்துப் பன்னிரண்டை உப்புப் போக அலசி வைத்தார். ஊற வேண்டும் என்றேன். காத்திருந்தோம். பாய் டீ வரவழைத்தார். அந்த அரை மணியில் நான் அவர் சுவரில் மாட்டியிருந்த கொலஸ்ட்ரால் விளக்கப்படத்தை ஏழு முறை படித்திருப்பேன்.

நுண்ணோக்கியில் முதலில் நான் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. "நீ பாரு தேவகி" என்றேன்.

அவள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தாள். பாய் திருகைத் திருப்பித் தெளிவாக்கினார்.

"கோடு இருக்கா? மேலேருந்து கீழே, பூசணிக்காய் மாதிரி?"

"கோடா? கோடுல்லாம் ஒண்ணும் காணோம்."

"நல்லாப் பாரு."

"பாத்துகினுதான கீறேன். வலை கீதுக்கா. குட்டிக் குட்டியா கண்ணு வெச்சி, நம்ம மீன் வலை கணக்கா சுத்திப் போட்டுகீது."

நான் குனிந்து பார்த்தேன். நீரில் ஊறி உப்பிய ஒரு சின்ன உருண்டை. அதன் மேல் முழுக்க, கோடே இல்லாமல், அறுகோணக் கண்களாகப் பின்னிய வலை. பக்கத்தில் இருந்ததிலும் அதே. அதற்குப் பக்கத்தில் இருந்ததிலும் அதே. கண்ணீர் மறைத்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முப்பது வருஷமாக நான் சொன்னது சரி. வாய்விட்டு அழுதேன். ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மா, ரிசல்ட் மோசமா என்று பாயிடம் ரகசியமாகக் கேட்டார்.

பாய் நுண்ணோக்கியின் கண்ணில் என் போனை வைத்துப் பன்னிரண்டு படம் எடுத்துத் தந்தார். கனடாவுக்கு அனுப்பினேன். அங்கே நடுராத்திரி, ஆனாலும் பையன் விழித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: 'வாயை மூடிக்கொண்டேன். பெயரை அடிக்கவில்லை. இதை யார் பதப்படுத்தினார்கள்? இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை.' தேவகிக்குப் படித்துக் காட்டினேன். "உப்பு போட்டா யாரு வேணா பண்லாம்" என்றாள், ஆனால் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னாள்.

முட்டைகளைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்க்கா, இது சினையா வந்துகீதுன்னா, அங்க ஆம்பள ஒண்ணு உசுரோட கீதுன்னுதான அர்த்தம்?"

அந்துப்பூச்சிக்கு ஆண் சேராமலேகூட முட்டை நிறையும் என்ற விளக்கம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்டதில் உண்மை இருந்தது. போன கோடையில், நான் கைவிட்டுவிட்ட அந்த மணல்மேட்டுப் பக்கம் எங்கோ, இது உயிரோடு பறந்திருக்கிறது. அப்படியென்றால் ஆண்களும் பறந்திருக்கும். ஏழோடு முடிந்தது என்று முடிவுகட்டிப் பன்னிரண்டு வருஷமாக விளக்கு வைக்கப் போகாதவள் நான்தான்.

"ஆமாம், இருக்கும்" என்றேன். "இந்தக் கோடையில போய்த் தேடப்போறேன்."

"கெடச்சா?"

"உனக்குப் படம் அனுப்பறேன்."

"அனுப்பு." பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆனா பாத்துட்டு வுட்டுடுக்கா. இவதான் செத்து என் கைக்கு வந்தா, நான் கீறிட்டேன். உசுரோட இருக்கறவனுக்கு ஊசி குத்தாத."

முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பூச்சிகளுக்கு ஊசி குத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விட்டுவிடுகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. தேவகிக்குச் சரி என்று சொன்னேன்.